பத்தரை மணி மாத்திரை

அம்மாயிக்கு வாய்ப் புற்றுநோய். குணமாக்க முடியாது, வலியைக் குறைக்கலாம் என்று மகரகம ஆஸ்பத்திரியில் சொல்லி மோர்பின் மாத்திரை எழுதினாங்க. நாலு மணித்தியாலத்துக்கு ஒன்று.

ஆறரைக்கு அம்மா கொடுத்துட்டு பிரட்டுக்கு ஓடுவாங்க. இரண்டரைக்கு நாங்க ஸ்கூல் விட்டு வந்துடுவோம். பத்தரைதான் சிக்கல். அம்மா மலையிலிருந்து இறங்கி வந்தா கிலோ குறையும், அரைப்பேர்தான் விழும். வராட்டி அம்மாயி சுவரைப் பிடிச்சுக்கிட்டு முனகுவாங்க. ஒரு மாசம் அரைப்பேர். கடைக் கடன் ஏறினதுதான் மிச்சம்.

இப்ப பக்கத்துக் காம்பிரா பாட்டி கொடுக்கிறாங்க. அவங்களுக்கு மணி பார்க்கத் தெரியாது. கீழே தோட்டப் பள்ளிக்கூடத்தில் இன்டர்வல் மணி அடிச்சதும் வந்துடுவாங்க. சனிக்கிழமை மணி அடிக்காது, நாங்க இருப்போம். அப்பவும் எட்டிப் பார்ப்பாங்க.

வாயில் வெத்தலை இருக்கும். வாசலில் துப்பிட்டுத்தான் உள்ளே வருவாங்க. புகையிலை சேர்க்காத வெறும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இலேயே அறிக்கை வெளியிட்டிருக்கு. மலையில் குளிருக்கும் பசிக்கும் காலமெல்லாம் அதையே மென்றவங்ககிட்ட எப்படிச் சொல்றது? அம்மாயி வாயைத் துடைச்சுவிட்டுட்டு, வாசலில் உட்கார்ந்து அடுத்த வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவுறாங்க.