மரை கழண்ட கதை

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சுத் தள்ளிப் போட்டுட்டே வந்த விஷயம். எழுதினா என் மானம் போகும், அதான் தயக்கம். சரி, போறது போகட்டும்.

படிச்சது மெக்கானிக்கல். பொழைப்பு பொட்டி தட்டுறது. சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம் கரிசக்காடு. எங்க ஊரப் பத்திச் சொன்னா எல்லாருக்கும் கடலை மிட்டாயும் தீப்பெட்டியும்தான் ஞாபகம் வரும். எங்க வீட்டுல கூடுதலா ஒண்ணு உண்டு. கொட்டகையில நிக்கிற பென்ஸ் லாரி.

பென்ஸ்னதும் வாயப் பொளக்காதீங்க. 1954ல டாடாவும் டைம்லர் பென்ஸும் கூட்டு சேந்து இங்க லாரி தயாரிக்க ஆரம்பிச்சாங்க. 1969ல அந்தக் கூட்டு முடியுற வரைக்கும் வண்டி மூஞ்சியில மெர்சிடிஸ் நட்சத்திரம் இருக்கும். அந்தக் காலத்து வண்டி. தாத்தா பழசா வாங்கினது. அப்பா அதுலதான் பருத்திப் பொதியும் வத்தல் மூட்டையும் தீப்பெட்டி பண்டலும் அடிச்சு என்னைப் படிக்க வெச்சார். பல வருஷமா சும்மா நின்னு துருப்பிடிச்சுக் கெடந்ததை நான்தான் ஓட வெப்பேன்னு கெளம்பினேன். இஞ்சின் வேலையெல்லாம் பட்டறை அண்ணாச்சி பாத்துக்கிட்டார். ஸ்பிரிங் பட்டை வேலையை மட்டும் "நான் பாத்துக்கிடுதேன் அண்ணாச்சி"ன்னு வீறாப்பா வாங்கிட்டேன்.

தெரியாதவங்களுக்கு ஒரு வரி. லாரிக்கு அடியில அடுக்கடுக்கா வளைஞ்ச பட்டைங்க இருக்கும்ல, அதை வரிசை குலையாம கோத்து வெக்கிறது நடுவுல இருக்குற சென்டர் போல்ட். அந்தக் கட்டை ஆக்சிலோட சேத்து இறுக்கிப் பிடிக்கிறது யூ போல்ட். ரெண்டு முனையிலயும் சாக்கிள் பின். அவ்வளவுதான்.

கரிசல் ரோட்டுல இந்தப் பட்டை படுற பாடு கொஞ்சமில்ல. மழைன்னா மண்ணு உப்பும், கோடையில வெடிச்சு வாயப் பொளக்கும். மேல போட்ட தாரும் சேந்து அலை அலையா நெளியும். அதனால போல்ட் நட்டு விஷயத்துல நான் காசு பாக்கல. பழைய யூ போல்ட்டைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கினேன். நட்டு பூரா நைலாக். உள்ள நைலான் வளையம் இருக்கும், மரையைக் கவ்விக்கிட்டு நட்டைத் திரும்ப விடாது. போதாக்குறைக்கு அடியில ஸ்பிரிங் வாஷர். இறுக்கி முடிச்சு, நட்டு திரும்பினா தெரியணும்னு மஞ்சப் பெயிண்டுல கோடும் போட்டேன். பட்டை ஒவ்வொண்ணுக்கும் துருப் பிடிக்காம ரெண்டு பக்கமும் கெட்டியா கறுப்பு எனாமல். பாக்க அப்படி ஒரு அழகு!

அண்ணாச்சி வந்து பாத்தார். "தம்பி, பெயிண்டு கனமால்லா இருக்கு. ஒரு லோடு அடிச்சுட்டு வந்து திரும்ப இறுக்கிப்போடுங்க"ன்னார். நைலாக் போட்ட நட்டை எதுக்குத் திரும்ப இறுக்கணும்னு மனசுக்குள்ள சிரிச்சுக்கிட்டேன்.

எஃப்.சி. எல்லாம் முடிச்சு, காட்டுல இருந்து உளுந்து ஏத்திட்டு வந்தோம். நாலஞ்சு நடை நல்லாத்தான் போச்சு. ஒரு சாயங்காலம், அப்பா ஓட்ட நான் பக்கத்துல. ஓடைப் பாலத்துக்கிட்ட "டங்"னு ஒரு சத்தம். வண்டி எடது பக்கமா இழுத்துச்சு. பாலத்துச் சுவர்ல களையெடுத்துட்டு வந்த பொம்பளைங்க நாலஞ்சு பேர் உக்காந்திருந்தாங்க. அப்பா ஸ்டியரிங்க ஒடம்பால வளைச்சுப் பிடிச்சு நிறுத்தினப்போ, அவங்களுக்கும் பம்பருக்கும் நடுவுல நாலு முழம் இருந்தா அதிகம். வேகம் கம்மியா இருந்ததால தப்பிச்சோம். இல்லைன்னா இந்தப் பதிவே இல்ல.

எறங்கிப் பாத்தா, முன்பக்கம் எடது சென்டர் போல்ட் ரெண்டா வெட்டுப்பட்டு, ஆக்சில் பின்னால நகந்திருக்கு. யூ போல்ட்டைக் கையால ஆட்டினா ஆடுது. ஆனா மக்களே, நட்டு இம்மி கூடத் திரும்பல! மஞ்சக்கோடு போட்டது போட்டபடி நேரா இருக்கு. யூனிட் டெஸ்ட் எல்லாம் பச்சை, புரொடக்‌ஷன் மட்டும் படுத்துருச்சுங்கிற கதை.

ராத்திரி பூரா தூக்கமில்ல. காலேஜுல படிச்சுப் பரீட்சையோட மறந்ததெல்லாம் அப்பத்தான் புரிஞ்சுது. போல்ட்டை இறுக்கும்போது அது ரப்பர் மாதிரி துளி நீளும். திரும்பச் சுருங்கப் பாக்குற அந்த இழுவைதான் பட்டையையும் ஆக்சிலையும் நகர விடாம அமுக்கிப் பிடிக்குது. அந்த நீட்சி அரை மில்லிமீட்டர் இருந்தாலே பெருசு. நான் பூசின பெயிண்டு அத்தனை அடுக்குலயும் லோடுல நசுங்கி ஒதுங்கவும் இழுவை பூரா போயிருச்சு. வரிசை பிடிக்க மட்டும் இருக்குற சென்டர் போல்ட் மொத்தப் பாரத்தையும் ஏத்துக்கிட்டு அறுந்துச்சு. நட்டு நகராம இருந்து என்ன பிரயோஜனம்?

அதே 1969ல ஜெர்மன்காரர் கெர்ஹார்ட் யுங்கர் இதைத்தான் மெஷின் வெச்சுக் காட்டினார். போல்ட்டுக்குக் குறுக்கா வர்ற ஆட்டம்தான் மரையைத் தளர்த்தும், இழுவை போதுமான அளவு இருந்தா சந்து வழுக்காது, நட்டும் தளராதுன்னு. நாம நம்பிப் போடுற ஸ்பிரிங் வாஷர் அவர் மாதிரி சோதனையில பெருசா ஒண்ணும் கிழிக்கல.

கழண்டு விழாம தடுக்குறது வேற, தளராம பிடிக்கிறது வேற. சாக்கிள் பின்னுல கிரவுன் நட்டும் காட்டர் பின்னும் போடுறது மொத வகை. அங்க அது சரி. யூ போல்ட்டுக்கு வேண்டியது ரெண்டாவது வகை.

அடுத்த வாரம் எல்லாத்தையும் பிரிச்சோம். பெயிண்டைச் சொரண்டி வெறும் இரும்பாக்கினோம். ஒருதரம் நீண்ட யூ போல்ட்டை நம்பாம அதையும் மாத்தினோம். சூடாக்கி வளைச்சு மரை வெட்டின பட்டறைக் கம்பி வேண்டாம்னு அண்ணாச்சி தெரிஞ்ச கடையில வாங்கிட்டு வந்தார். உசரமான சாதா நட்டு, கெட்டியான தட்டை வாஷர். சென்டர் போல்ட் தலையில 10.9னு குத்தியிருக்கான்னு பாத்து வாங்கினோம். 10ன்னா இழுவைத் தாங்குதிறன் 1000 மெகாபாஸ்கல், 9ன்னா அதுல 90 சதவீதம் வரைக்கும் நிரந்தரமா நீளாது. மரையைச் சுத்தம் பண்ணி, நாலு நட்டையும் குறுக்கும் மறுக்குமா கொஞ்சம் கொஞ்சமா இறுக்கினோம். நாம போடுற பலத்துல பத்துல ஒரு பங்குதான் இழுவையாகுது, மிச்சம் உரசல்லயே போயிரும். மரையில துரு இருந்தா அந்த ஒரு பங்கும் சந்தேகம்தான். மொத லோடு முடிஞ்சதும் ஒரு தடவை இறுக்கினேன். அரைச் சுத்து போச்சு! நூறு கிலோமீட்டர் தாண்டி இன்னொரு தடவை. அப்ப அசையல.

சின்ன வயசுல ஒண்ணு பாத்திருக்கேன். காலையில வண்டி எடுக்குமுன்ன அப்பா சுத்தியலோட குனிஞ்சு ஒவ்வொரு யூ போல்ட்டையும் தட்டுவார். "டிங்"னா சரி. "டப்"னா ஸ்பேனர் எடுப்பார். சாமி கும்புடுற மாதிரி ஏதோ சம்பிரதாயம்னு நெனச்சிருந்தேன். இழுவை இருக்குற போல்ட் மணி மாதிரி கேக்கும், தளந்தது மொத்தையாக் கேக்கும்ங்கிறது இவ்வளவு செலவழிச்ச பிறகுதான் மண்டையில ஏறுச்சு.

அந்தப் பாலத்துச் சம்பவத்துக்கு அப்பா என்னைத் திட்டல. அன்னைக்கு எறங்கினதும் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார்.

"ஏலே, காலையில தட்டிப் பாத்தியா?"

டிஸ்கி: மரை கழண்டது வண்டிக்கில்ல, எனக்குத்தான்னு அம்மா சொல்லிட்டாங்க. ஆகவே அந்தக் கமெண்ட்டை யாரும் புதுசா யோசிக்க வேணாம் :)