காலிக் கூடு
மூன்றாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (வேதியியல்)

"உள்ளே மருந்தே இல்லாத காப்ஸ்யூலைச் செய்து விற்க ஒரு தொழிற்சாலையா மாமா?" என்று நான் கேட்டபோது அவர் சிரித்தார்.

"மருந்து செய்கிறவர்கள் பெரும்பாலும் கூட்டைச் செய்வதில்லை, மாப்பிள்ளை. வெளியே வாங்கித்தான் நிரப்புகிறார்கள். தினமும் கடையில் எத்தனை அட்டை விற்கிறேன், எனக்குத் தெரியாதா?" என்றார்.

மாமாவுக்கு வாணியம்பாடிப் பக்கத்தில் ஒரு சிறிய மருந்துக் கடை. இருபது ஆண்டுகளாக அதே நாற்காலி, அதே கண்ணாடி அலமாரி. பிறர் செய்ததை வாங்கி விற்றே காலம் போய்விட்டது. நாமும் ஒன்றைச் செய்து விற்கவேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அதற்காகத் தாத்தா விட்டுச்சென்ற ஒன்றரை ஏக்கர் தென்னந்தோப்பை விற்கவும் துணிந்துவிட்டார். கடந்த கோடை விடுமுறையில், யாரோ தயாரித்துக் கொடுத்த திட்ட அறிக்கை ஒன்றை என்னிடம் நீட்டினார். "நீ வேதியியல் படிக்கிறவன். இதைப் படித்துவிட்டு, செய்யலாமா கூடாதா என்று சொல்" என்றார். இரண்டு ஆண்டுக் கல்லூரிப் படிப்பில் இவ்வளவு பெரிய கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை.

படிக்கப் படிக்க வியப்பே மேலிட்டது. கசப்பு மருந்தை நாவில் படாமல் விழுங்கவேண்டும் என்ற சிறு தேவையில் பிறந்தது இந்தக் கூடு. 1834-இல் பிரான்சு நாட்டில் மோத், டுப்ளாங் என்ற இருவர் ஜெலட்டின் உறைக்குக் காப்புரிமை பெற்றனர். 1846-இல் அதே நாட்டின் லெஹ்யூபி என்பவர், ஒன்றுக்குள் ஒன்று செருகும் இரு துண்டுக் கூட்டுக்குக் காப்புரிமை பெற்றார். இன்று நாம் விழுங்குவதும் அதே அமைப்புத்தான்.

செய்முறை கேட்பதற்கு எளிது. ஜெலட்டினை வெந்நீரில் கரைக்கவேண்டும். வழவழப்பான எஃகு முளைகளை வரிசை வரிசையாக அதில் தோய்த்து எடுக்கவேண்டும். முளையில் படிந்த படலம் காய்ந்ததும் உருவி, விளிம்பை வெட்டி, உடலையும் மூடியையும் பொருத்தினால் காலிக் கூடு தயார்.

இவ்வளவுதானே என்று நானும் இறங்கினேன். சமையலுக்கு விற்கும் ஜெலட்டின் பொட்டலம் ஒன்றை வாங்கி, அம்மாவுக்குத் தெரியாமல் பால் பாத்திரத்தில் கரைத்து, ஒரு கண்ணாடிக் கோலைத் தோய்த்தேன். முதல் கூடு கோலைவிட்டு வரவே இல்லை, நகத்தால் சுரண்டவேண்டியதாயிற்று. அடுத்த முறை கோலில் எண்ணெய் தடவினேன். உருவ வந்தது, ஆனால் கரைசல் வழிந்து நுனியில் ஒரு கண்ணீர்த்துளி போலத் திரண்டிருந்தது. ஆலையில் தோய்த்த முளைகளைச் சுழற்றிக்கொண்டே மேலே தூக்குவது எதற்காக என்பது அப்போதுதான் விளங்கியது. மூன்றாவதை வெயிலில் காய வைத்தேன், அப்பளம்போல் நொறுங்கியது. நான்காவதைத் திண்ணையில் விட்டேன். அன்றிரவு கோடை மழை. காலையில் கொழகொழவென்று கிடந்தது.

தோல்வி நல்ல ஆசிரியர். கூட்டில் ஈரம் 13 முதல் 16 விழுக்காடு வரை இருக்கவேண்டும் என்று படித்தபோது, அந்த எண்கள் எனக்கு வெறும் எண்களாகத் தெரியவில்லை. குறைந்தால் நொறுங்கும், கூடினால் குழையும். ஆகவே ஆலைக்குள் இருக்கும் காற்றையே வெப்பமும் ஈரமும் மாறாமல் இரவும் பகலும் காக்கவேண்டும். கூட்டின் சுவரோ ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். பெரிய அளவுகளில் ஒன்றான 0 எண் கூட்டை எடுத்துக்கொண்டால், ஏறத்தாழ 10,000 கூடுகள் சேர்ந்துதான் ஒரு கிலோ நிறை ஆகும். இத்தனை நுட்பத்தைக் காக்கும் குளிர்சாதனச் செலவைத் திட்ட அறிக்கை ஒரே வரியில் முடித்திருந்தது. நான் கணக்குப் போட்டுச் சேர்த்தேன். காகிதத்தில் கொழித்த இலாபம் பாதியாக இளைத்துவிட்டது.

மாமா சோர்ந்துவிடவில்லை. என்னுடைய ஐந்தாவது கூடு, கோணல்மாணலாக இருந்தாலும் முழுதாக வந்த ஒரே கூடு, அதை உள்ளங்கையில் வைத்துப் பிறந்த குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "மின்சாரத்தில் போவதை மூலப்பொருளில் பிடித்துவிடலாம். மலிவான ஜெலட்டின் தருவதாக ஒருவர் சொல்லியிருக்கிறார்" என்றார். இரண்டு நாளில் அந்த மனிதர் கால் கிலோ மாதிரியுடன் வந்தார். தேன் நிறத்தில் பளபளவென்று இருந்தது. விலையோ சந்தை விலையில் பாதிக்கும் கீழே. எப்படி முடிகிறது என்று கேட்டேன். "தோலிலிருந்துதான் தம்பி. உங்கள் ஊரில் தோலுக்கா பஞ்சம்?" என்றார்.

அந்தச் சொல் என் மனத்தில் முள்ளாகத் தைத்தது. ஜெலட்டின் என்பது விலங்குகளின் எலும்பிலும் தோலிலும் உள்ள கொலாஜன் என்ற புரதத்திலிருந்து கிடைப்பது. எலும்பானால் அதை நொறுக்கி, கொழுப்பு நீக்கி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்துச் சுண்ணச் சத்தைக் கரைத்துவிட்டு, எஞ்சியதைச் சுண்ணாம்பு நீரில் வாரக்கணக்கில் ஊறவைத்துக் கழுவி, பிறகே வெந்நீரில் ஜெலட்டினை இறக்குவார்கள். பதனிடாத தோலிலிருந்தும் நல்ல ஜெலட்டின் எடுக்கலாம். ஆனால் எங்கள் பக்கத்து டேனரிகளில் தோல் அழுகாமல் இருக்கக் குரோமிய உப்பு ஏற்றுவது வழக்கம். அந்தத் தோலைச் சீவும்போது உதிரும் நீலச் சீவலிலிருந்தும் ஒருவகை ஜெலட்டின் எடுக்க முடியும். அது பசைக்கு உதவும், வயிற்றுக்கு ஆகாது.

கல்லூரி திறந்ததும் அந்த மாதிரியை எடுத்துக்கொண்டு எங்கள் பேராசிரியரிடம் ஓடினேன். "சந்தேகப்படுவதைவிடச் சோதித்துப் பார்ப்பது மேல்" என்று அவர் ஆய்வுக்கூடத்தைத் திறந்துவிட்டார். மாதிரியில் கொஞ்சம் எடுத்து மூசையில் எரித்துச் சாம்பலாக்கினேன். சாம்பலில் பசுமை கலந்திருந்தது. சோடியம் கார்பனேட்டும் பொட்டாசியம் நைட்ரேட்டும் சேர்த்து உருக்கி, ஆறியபின் நீரில் கரைத்து வடிகட்டினேன். வடிநீர் மஞ்சள். அசெட்டிக் அமிலம் விட்டு, லெட் அசெட்டேட்டைச் சொட்டு சொட்டாகச் சேர்த்தேன். மஞ்சள் வீழ்படிவு கண்ணெதிரே இறங்கியது. உப்புப் பகுப்பாய்வில் மதிப்பெண்ணுக்காகப் பலமுறை மகிழ்ச்சியோடு வரவழைத்த அதே மஞ்சள்! அன்று அதைப் பார்த்து என்னால் மகிழ முடியவில்லை. எவ்வளவு குரோமியம் என்பதை இச்சோதனை சொல்லாது. ஆனால் இவ்வளவு எளிய சோதனைக்கே அகப்படுகிறது என்றால் அது சிறு அளவாக இருக்க முடியாது.

அப்போதுதான் பேராசிரியர் சீனத்தில் நடந்ததைச் சொன்னார். 2012 ஏப்ரலில், செஜியாங் மாநிலத்தின் சின்சாங் பகுதியில் தோல் கழிவு ஜெலட்டினால் காப்ஸ்யூல்கள் செய்யப்படுவதை அந்நாட்டுத் தொலைக்காட்சி அம்பலப்படுத்தியது. கிலோவுக்கு 2 மில்லிகிராம் என்ற குரோமிய வரம்பைப் பல மடங்கு மீறிய கூடுகள் அவை. ஆலைகள் மூடப்பட்டன, பலர் கைதாயினர். நோய் தீர விழுங்கியவர்களின் நிலையோ? பிறகு அவர் நம் நாட்டு 1940-ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகுப் பொருட்கள் சட்டத்தைக் காட்டினார். 'மருந்து' என்றால் என்ன என்று விளக்கும் பிரிவில், 1982-இல் செய்த திருத்தத்தின்படி, காலி ஜெலட்டின் காப்ஸ்யூலும் சேர்க்கப்பட்டிருக்கிறது. உள்ளே ஒன்றுமே இல்லாத கூடும் சட்டத்தின் கண்ணில் மருந்துதான்!

அன்று மாலை கடைக்குப் போய் எல்லாவற்றையும் மாமாவிடம் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. அலமாரியிலிருந்து ஒரு காப்ஸ்யூல் அட்டையை எடுத்து விளக்கொளியில் பிடித்துப் பார்த்தார். "இருபது வருஷமாக விற்கிறேன். தேதி பார்ப்பேன், கம்பெனி பேர் பார்ப்பேன். இந்தக் கூட்டை யார் செய்தான், எதில் செய்தான் என்று ஒருநாளும் நினைத்ததில்லை, மாப்பிள்ளை" என்றார். மறுநாள் அந்த மனிதர் தொலைபேசியில் கூப்பிட்டபோது, "உங்கள் சரக்கு வேண்டாம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

நல்ல ஜெலட்டின் வாங்கிச் செய்தால் கட்டுப்படியாகுமா என்று இருவரும் இரவிரவாகக் கணக்குப் பார்த்தோம். மரக்கூழிலிருந்து வரும் செல்லுலோஸ் பொருளைக் கொண்டு சைவக் கூடு செய்வதையும் பார்த்தோம். ஒவ்வொரு நாளும் இலட்சக்கணக்கில் கூடு செய்யும் பெரிய ஆலைகளோடு ஒன்றரை ஏக்கர் தோப்பு போட்டியிட முடியாது என்பதே விடையாக வந்தது. தோப்பு பிழைத்தது. இயந்திரத்துக்கென்று மாமா கொடுத்த முன்பணம் ஐம்பதாயிரம் திரும்பவில்லை. "படிக்கிற பிள்ளையிடம் கேட்டீர்கள், ஆசையைக் கெடுத்துவிட்டான்" என்று அத்தை இன்றும் குறைப்படுகிறார். அவர் சொல்வதிலும் ஓர் உண்மை இருக்கிறது. மாமா மீண்டும் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார். அதை எண்ணும்போது எனக்கு வருத்தமே.

ஆயினும், நண்பர்களே, ஆய்வுக்கூடத்தில் நாம் ஏட்டில் எழுதி ஆசிரியர் கையொப்பம் வாங்கும் ஒரு மஞ்சள் நிறத்துக்கு, முகமறியாத ஒரு நோயாளியின் வயிற்றோடு உறவு உண்டு என்பதை இவ்வாண்டு நான் கற்றேன். எந்தத் தேர்வும் அதை எனக்குக் கற்றுத் தரவில்லை.

சென்ற வாரம் சில்லறைக்காக மாமாவின் கல்லாப்பெட்டியைத் திறந்தேன். மூலையில் ஒரு தீப்பெட்டி இருந்தது. அதற்குள் பஞ்சு வைத்து, என்னுடைய அந்தக் கோணல் கூட்டைப் பத்திரமாக வைத்திருந்தார்.