ஆறு மணி அலாரமும் எட்டு வீட்டுப் பையும்

பி.காம். படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. கோயில் உண்டியலைப் பார்த்தால்கூட, 'இது வரவா, மூலதனமா?' என்று யோசிப்பான். சாம்பார் சாப்பிடும்போது மட்டும் இந்த வியாதி என்னை அண்டாமல் இருந்தது. 2024 அக்டோபரில் ரிசர்வ் வங்கி ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு கட்டுரை அதையும் கெடுத்துவிட்டது.

விஷயம் இதுதான். நம் நாட்டில் தக்காளிக்காக நாம் கொடுக்கும் ஒரு ரூபாயில், அதை விளைவித்தவர் கைக்குப் போவது சுமார் 33 பைசா. வெங்காயம் என்றால் 36. உருளைக்கிழங்கு 37.

'கரகாட்டக்காரன்' வாழைப்பழக் கணக்கு மாதிரி, மீதி 67 பைசா எங்கே என்று கேட்கத் தோன்றும். உடனே நம் மனக்கண்ணில் தங்கச் சங்கிலி போட்ட கமிஷன் மண்டிக்காரர் ஒருவர் வில்லன் சிரிப்பு சிரிப்பார். நிஜத்தில் அவர் அவ்வளவு மோசமில்லை ஸார். வண்டி வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, கமிஷன், சில்லறைக் கடைக்காரரின் வாடகை, கரண்ட் பில் எல்லாம் அதில் அடக்கம். கூடவே இன்னொரு பெரிய செலவு, அழுகல். தக்காளி, ஃபிக்ஸட் டெபாசிட் இல்லை. இன்றைக்கு விற்காவிட்டால் நாளை மறுநாள் வட்டியும் போச்சு, அசலும் போச்சு. அந்த பயத்தை வழியில் கைமாற்றுகிற ஒவ்வொருவரும் விலையில் கொஞ்சம் ஏற்றி வைக்கிறார்கள். பயத்துக்கும் நாம்தான் காசு கொடுக்கிறோம்!

இதற்கு ஒரு மாற்று மருந்து எங்கள் மதுரையில்தான் பிறந்தது. 1999 நவம்பர் 14-ம் தேதி, அண்ணா நகரில், அப்போதைய முதல்வர் கருணாநிதி தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தையைத் திறந்து வைத்தார். பஞ்சாபில் 1987-லேயே 'அப்னி மண்டி' வந்திருந்தது. ஆந்திராவில் அதே 1999-ம் வருஷ ஆரம்பத்தில் 'ரைத்து பஜார்' வந்தது. நாம் பின்னால் போனாலும் சளைக்காமல் போனோம்.

உழவர் சந்தையின் ஏற்பாடு, கணக்குப் பிள்ளைகள் ரசிக்கக்கூடியது. விற்பவருக்கு நிலம் இருக்கிறதா, அதில் என்ன பயிர் நிற்கிறது என்று அதிகாரிகள் பார்த்து, போட்டோ ஒட்டிய அடையாள அட்டை கொடுப்பார்கள். கடைக்கு வாடகை கிடையாது. தராசு இலவசம். காய்கறி மூட்டைக்கு அரசு பஸ்ஸில் லக்கேஜ் டிக்கெட் கிடையாது. தினமும் காலையில் விலையை நிர்ணயித்து போர்டில் எழுதி வைப்பார்கள். மொத்த விலையைவிட ஏறத்தாழ 20 சதவிகிதம் அதிகம், வெளிச் சில்லறை விலையைவிட ஏறத்தாழ 15 சதவிகிதம் குறைவு... இதுதான் சூத்திரம்.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். கத்தரிக்காய் மொத்த விலை கிலோ 20 ரூபாய், வெளியே கடையில் 28 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். உழவர் சந்தை போர்டில் 24 என்று இருக்கும். வாங்குகிற உங்களுக்கு 4 ரூபாய் மிச்சம். விற்பவருக்கு 4 ரூபாய் கூடுதல், கமிஷன் பிடித்தமும் இல்லை. இரண்டு பக்கமும் லாபம் வருகிற கணக்கை நான் பி.காம். மூன்று வருஷத்தில் பார்த்ததே இல்லை!

அப்புறம் நடந்தது அரசியல். 2001-ல் ஆட்சி மாறியது, கவனிப்பு குறைந்தது, பல சந்தைகள் களையிழந்தன. 2006-ல் மறுபடி ஆட்சி மாற, மறுபடி தூசி தட்டினார்கள். 2021-ல் வந்த முதல் தனி வேளாண் பட்ஜெட்டில் சந்தைகளைப் புதுப்பிக்கப் பணம் ஒதுக்கினார்கள். இத்தனை ஏற்ற இறக்கத்துக்கு நடுவிலும் சந்தை பிழைத்திருக்கிறது. அதற்குக் காரணம் விடிகாலை முதல் பஸ்ஸில் மூட்டையோடு ஏறுகிறவர்கள்தான்.

சரி, அந்தப் பக்கம் அவர்கள் வந்துவிட்டார்கள். இந்தப் பக்கம் நாம்?

எனக்கு வழக்கமாகக் கீரையும் கத்தரிக்காயும் தருகிற ஒரு அக்கா இருக்கிறார். வயது ஐம்பதுக்கு மேல். மேலூர்ப் பக்கம் கொஞ்சம் நிலம், ஒரு கிணறு. ஒருநாள் ஒன்பதரை மணிக்குப் போனேன். கூட்டம் கலைந்திருந்தது. அக்கா முன்னால் கீரைக் கட்டு கால்வாசி அப்படியே கிடந்தது. தண்ணீர் தெளித்துத் தெளித்து, கீரை குளித்துவிட்டு வந்த மாதிரி இருந்தது.

"என்னக்கா, இன்னைக்கு வியாபாரம் டல்லா?"

"யாரு வருவா, யாரு வரமாட்டான்னு தெரியாமத்தேன் தம்பி அம்புட்டையும் தூக்கியாந்துர்றேன். வித்தாக் காசு, விக்கலைன்னா மாட்டுக்கு. வர்றப்ப மூட்டை கனமா இருக்கலாம். போறப்ப கனக்கக் கூடாது."

நாலு கட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். 'யாரு வருவா, யாரு வரமாட்டா' என்பது மட்டும் காதிலேயே நின்றது. மண்டிக்காரர் விலையில் ஏற்றுகிறாரே, அதே பயம். இங்கே அதை அக்கா ஒருத்தரே சுமக்கிறார்.

எங்கள் தெரு இளைஞர்களைக் கேட்டேன். எல்லோரும் நல்ல பிள்ளைகள். விவசாயி பற்றி வாட்ஸ்அப்பில் வந்தால் கண்ணீர் விட்டு நாலு குரூப்புக்கு அனுப்புபவர்கள்.

"உழவர் சந்தையா? அது விடியக்காலையிலண்ணே! நாங்க எந்திரிக்கறதே எட்டு மணி. ஆப்ல தட்டுனா பத்து நிமிஷத்துல பை வந்துருது."

நியாயம்தான். அரசாங்கம் கொட்டகை போடும், தராசு தரும், மூட்டையை பஸ்ஸில் ஏற்றும். ஆபீஸ் போகிறவனைக் காலை ஆறு மணிக்கு எழுப்பிவிட இன்னும் எந்த அரசாங்கத்திடமும் திட்டம் இல்லை!

ஆனால் ஒரு பொருளில் நாம் இந்தப் பிரச்னையை எப்போதோ தீர்த்துவிட்டோம். பால். அது தக்காளியைவிடச் சீக்கிரம் கெட்டுப்போகிற சரக்கு. 1946-ல் குஜராத்தின் கெய்ரா மாவட்டத்தில் தொடங்கிய கூட்டுறவு வழியில், ஊர்ச் சங்கங்கள் காலையும் மாலையும் பாலை அளந்து வாங்குகின்றன. இந்தப் பக்கம், ஆவின் மாத அட்டை வைத்திருப்பவர் 'எனக்கு மாதம் முழுக்க இத்தனை பாக்கெட்' என்று முன்பணம் கட்டிவிடுகிறார். விலையிலும் கொஞ்சம் சலுகை உண்டு. நாளை வாங்க ஆள் இருக்கிறது என்று கறப்பவருக்குத் தெரியும். நாளை வாசலில் பால் இருக்கும் என்று குடிப்பவருக்குத் தெரியும். ஜப்பானில் 1970-களில் குடும்பத் தலைவிகள் இதையே காய்கறிக்குச் செய்தார்கள். விவசாயிகளோடு நேராக ஒப்பந்தம். 'தெய்கெய்' என்று பெயர்.

மேலூர்க் கத்தரிக்காய்க்கு ஒரு தெய்கெய் போட முடியாதா?

போட்டோம். எட்டு வீடு. ஒரு பாங்க் ஊழியர், ஒரு மின்வாரியக்காரர், ஒரு இன்ஷூரன்ஸ் நண்பர், ஒரு வாத்தியார், இரண்டு குடும்பஸ்தர்கள், நான், அப்புறம் புதினாவுக்கும் கொத்தமல்லிக்கும் வித்தியாசம் தெரியாத இரண்டு பேச்சிலர்கள் சேர்ந்த ஒரு ரூம். ஒன்றாம் தேதி ஒவ்வொரு வீடும் 1,000 ரூபாய் போட வேண்டும். மொத்தம் 8,000. சனிக்கிழமைக்கு 2,000 வீதம் காய் வாங்குவது. அக்காவும் பக்கத்துக் கடைக்காரர்கள் நாலு பேரும் சம்மதித்தார்கள். வியாழக்கிழமையே போனில், 'என்ன இருக்கும், எங்களுக்கு எவ்வளவு' என்று பேசிவிடுவோம். விலை, அன்றைய போர்டு விலைதான். பேரம் கிடையாது.

இதிலே பிரமாதமான அம்சம், முறை. ஒரு வீட்டுக்கு எட்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமைதான் வரும். எட்டு வாரத்தில் ஒரே ஒரு நாள் ஆறு மணிக்கு எழுந்தால் போதும் என்றதும் பேச்சிலர்கள் முகத்திலேகூட தேசபக்தி தெரிந்தது.

முதல் மாதம் காமெடிதான். இத்தனை பை தூக்கியதும் சந்தை அதிகாரி ஒருவர் வந்து, "தம்பி, கடை வெச்சிருக்கீங்களா? வியாபாரிக்கு இங்க அனுமதி இல்லையே" என்றார். எட்டு வீட்டுப் பட்டியலைக் காட்டினேன். படித்துப் பார்த்துவிட்டு, "ஒன்பதாவதா எங்க வீட்டையும் சேத்துக்கிறீங்களா?" என்றார்!

அடுத்தது பீர்க்கங்காய்ச் சோதனை. தொடர்ந்து மூன்று வாரம் பீர்க்கங்காய். நிலத்தில் என்ன வருகிறதோ அதுதானே பையில் வரும்? கேரட், பீன்ஸுக்குப் பக்கத்தில் கொடைக்கானல் மலை இருக்கிறது. பீர்க்கங்காய்க்கு மாற்று, பீர்க்கங்காய்தான். கூட்டு, பொரியல், தோலில் துவையல் என்று போய், நாலாவது வாரம் என் மனைவி அதை என் தலையைச் சுற்றிப் போடுகிற அளவுக்கு வந்தது.

நிஜமான சோதனை அக்டோபர் மழையில் வந்தது. கத்தரிக்காயில் பாதி சொத்தை. வாங்கி வந்ததைப் பார்த்த இன்ஷூரன்ஸ் நண்பர், "காசு கொடுத்து நாம புழு வாங்கணுமா ஸார்?" என்று கேட்டார். கேள்வியில் தப்பில்லை. அன்று ராத்திரி மொட்டை மாடியில் கூட்டம். அழுகியதற்குக் காசு தர வேண்டாம் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டோம். வெட்டி எறிந்தால் மீதி தேறும் என்கிற காயை என்ன செய்வது? அதில்தான் சண்டை. வாத்தியார் ஒன்று கேட்டார்: "மழை பெஞ்சா நஷ்டம் அவங்களுக்கு, வெயில் அடிச்சா பங்கு நமக்கா? இன்ஷூரன்ஸ்னா என்னன்னு நீங்கதான் எங்களுக்குச் சொல்லணும்."

வாங்குவது என்று முடிவாயிற்று. இன்ஷூரன்ஸ் நண்பர் அடுத்த மாதம் விலகிக்கொண்டார். பதினைந்து நாளில் அடுத்த தெருவிலிருந்து ஒரு வீடு சேர்ந்தது. கணக்கு மறுபடி எட்டு.

எட்டு வீடு சேர்ந்து நாட்டு விவசாயத்தைத் தூக்கி நிறுத்திவிட்டது என்றெல்லாம் நான் சொல்ல வரவில்லை. தூரத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்று இரண்டு தடவை பார்த்துவிட்டோம். 2020 மே மாதம் கொரோனாவால் கோயம்பேடு மார்க்கெட்டை மூடியபோது, சென்னைக்கே காய் கொடுக்கிற சந்தையைத் திருமழிசைக்கு மாற்ற வேண்டியிருந்தது. 2023 ஜூலையில் தக்காளி வரத்து குறைந்து கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. ரேஷன் கடையில் 60 ரூபாய்க்கு அரசாங்கம் தக்காளி விற்க வேண்டி வந்தது. ஊரைச் சுற்றி விளைகிற நிலம் இருந்தால் அந்த மாதிரி நாளில் ஏதோ ஒரு பிடி கீரையாவது நிச்சயம்.

அந்த நிலம் இருக்குமா என்பதுதான் கேள்வி. போன மாதம் அக்கா சொன்னார்:

"பிளாட்டுப் போட கேட்டு வந்தாக தம்பி. பக்கத்துக் காட்டுக்காரரு குடுத்துட்டாரு. எம் மகனும் குடுத்துருவோம்னுதேன் நிக்கிறான்."

"நீங்க என்னக்கா சொன்னீங்க?"

"இன்னும் ஒரு வெள்ளாமை பாப்பம்னு சொல்லியிருக்கேன். ஒங்க எட்டு வீட்டுக்குன்னு ரெண்டு பாத்தி சிறுகீரை சேத்துல்ல போட்டுருக்கேன்!"

எவ்வளவு விற்கும் என்று தெரியாமல் விதைத்தவர், முதல் தடவையாக எண்ணி விதைத்திருக்கிறார். இரண்டு பாத்திதான். பிளாட் போட வந்தவர் கொண்டுவந்த தொகைக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. மகன் சொல் ஜெயிக்குமா, பாத்தி ஜெயிக்குமா, தெரியாது. எட்டு வீடு எண்பது வீடானால் பாத்திக்குக் கொஞ்சம் பலம் கூடும்.

உங்கள் ஊரிலும் உழவர் சந்தை இருக்கலாம். ஆபீஸில் எட்டுப் பேர் நிச்சயம் இருப்பார்கள். டீ குடிக்கப் போகும்போது ஒரு வார்த்தை பேசிப் பாருங்களேன்.

நான் இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். இன்று வெள்ளிக்கிழமை. நாளை எங்கள் வீட்டு முறை. அலாரம் வைக்க வேண்டும்.