காத்திருப்பதும் தடுத்திருப்பதும்

பெங்களூரு ரிச்சர்ட்ஸ் டவுனில் கன்டோன்மென்ட் தமிழின் பேச்சுத் தரவுகளைத் தொகுத்துவரும் ஆய்வாளர் இருவருக்கும் பொதுவாக ஒரே போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம். ஒரு மாலை மூத்தவர் சொல் அட்டவணையில் புதிய நெடுவரிசை சேர்க்க ஆல்டர் டேபிள் கட்டளையிட்டார். அது நகரவில்லை. அதன்பின் வந்த எளிய செலெக்ட் வினவல்களும் விடையின்றி நின்றன.

நிற்கும் வினவல்களை ஒவ்வொன்றாக வெட்டத்தான் கை முதலில் எழும். அவரோ தடுப்பவர் யார் என்று தேடினார். 2016இல் வந்த 9.6 பதிப்பின் பிஜி_பிளாக்கிங்_பிஐடிஸ் அதைச் சொல்லும். வாசிப்பு வினவல்களைத் தடுத்தது அவருடைய கட்டளையே. அந்தக் கட்டளையைத் தடுத்தது இளையவரின் அமர்வு. திருத்தங்கள் செய்து, கமிட் இடாமல் அவர் எழுந்து சென்றிருந்தார்.

அதில் ஓடும் வினவல் ஏதுமில்லை. ஆகவே பிஜி_கேன்சல்_பேக்கெண்ட் பயன்படாது. பிஜி_டெர்மினேட்_பேக்கெண்ட் பூட்டை விடுவிக்கும். கூடவே ஒரு பிற்பகலின் உழைப்பையும் அழித்துவிடும்.

மூத்தவர் தம் கட்டளையை விலக்கிக்கொண்டார். திருத்தத்தின் பூட்டு வாசிப்பைத் தடுப்பதில்லை; எனவே செலெக்ட்டுகள் உடனே ஓடின. பிறகு இளையவரைத் தொலைபேசியில் அழைத்தார், கமிட் விழுந்தது. அடுத்த முறை கட்டளைக்கு முன் லாக்_டைம்அவுட் ஐந்து நொடி என வைத்தார்.

பூட்டை உடைப்பது எளிது. அதன்பின் இருப்பது யாருடைய உழைப்பு என்று பார்த்துவிட்டு உடைப்பதே முறை.