ஒரு மிதிக்கு ஐந்தரை மீட்டர்

"வண்டி ரிப்பேரா சார்?"

சைக்கிளை வெளியே எடுத்தால் தினமும் ஒருவராவது இதைக் கேட்டுவிடுவார். வீட்டில் ஸ்கூட்டர் நிற்கிறது, மகன் வாங்கி வைத்துவிட்டுப் போன கார் உறைக்குள் தூங்குகிறது என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். அப்படியிருக்க, எழுபத்து நாலு வயது ஆள் 28 இன்ச் கறுப்பு சைக்கிளில் போகிறார் என்றால் ஏதோ பழுதாகியிருக்க வேண்டும். வண்டியோ, வருமானமோ, மூளையோ! "இல்ல சார், சும்மாதான் ஓட்டறேன்" என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். இந்தச் 'சும்மா'வை யாரும் நம்புவதில்லை. "ஓ, சுகருக்கா?" என்று தாங்களே ஒரு காரணம் கண்டுபிடித்து, திருப்தியோடு போய்விடுவார்கள். எனக்குச் சர்க்கரை கிடையாது.

முகப்பேரில் சைக்கிளுக்கு இரண்டு இடம்தான் ஒதுக்கியிருக்கிறோம். ஒன்று வேறு வழியில்லாதவர்களுடையது. விடியற்காலை பால் பாக்கெட் போடுகிறவர், அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு ஷிப்டுக்குப் போகிறவர், அரசு கொடுத்த விலையில்லா மிதிவண்டியில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள். இன்னொன்று, ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் ஹெல்மெட்டும் இறுக்கமான உடுப்புமாகக் கூட்டமாய்ப் பறக்கும் இளைஞர்களுடையது. அவர்கள் சைக்கிளின் விலைக்கு என் காலத்தில் ஒரு மனை வாங்கியிருக்கலாம். பேண்ட் காலில் கிளிப் மாட்டிக்கொண்டு நடுவில் போகிற என்னை எந்தப் பட்டியலிலும் சேர்க்க முடியவில்லை.

நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு மீடியத்தில். அங்கே 'அமத்தேர்' என்ற சொல் உண்டு. ஆங்கிலத்தில் அது 'அமெச்சூர்' ஆகி, அரைகுறை என்ற பொருளுக்கும் இறங்கிவிட்டது. பிரெஞ்சில் அதன் வேர் 'நேசிப்பது'. காப்பியை ரசித்துக் குடிக்கிறவர் காப்பிக்கு அமத்தேர். அந்தக் கணக்கில் நான் சைக்கிளுக்கு அமத்தேர். வேகமும் கிடையாது, பதக்கமும் கிடையாது.

பள்ளியில் பிரான்சிலிருந்து வந்த ஆசிரியர் ஒருவர் இருந்தார். 1964-ஆம் வருஷத்து தூர் த பிரான்ஸ் பந்தயத்தைப் பாடத்தை நிறுத்திவிட்டுச் சொன்னார். புய் த தோம் என்ற அணைந்துபோன எரிமலை. அதன் மீது ஏறும் சாலையில் ஆங்கெத்திலும் புலிதோரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு மிதிக்கிறார்கள். கடைசியில் புலிதோர் 42 வினாடி முந்தினார். ஆனாலும் மொத்தக் கணக்கில் 14 வினாடி வித்தியாசத்தில் மஞ்சள் சட்டை ஆங்கெத்திலிடமே தங்கிவிட்டது. புலிதோர் அந்தப் பந்தயத்தில் மூன்று முறை இரண்டாவதாக வந்தார், ஐந்து முறை மூன்றாவதாக வந்தார். மஞ்சள் சட்டையை ஒரு நாள்கூடப் போட்டதில்லை. ஐந்து முறை ஜெயித்த ஆங்கெத்திலைவிட ஜனங்களுக்குப் பிடித்தது இவரைத்தான். எங்கள் வகுப்பும் மொத்தமாகப் புலிதோர் கட்சி. அவர் 2019-ல் காலமானார். 2021-ல் அவருடைய மகள் வயிற்றுப் பேரன் மாத்தியூ வான் டெர் போல் அந்தச் சட்டையைப் போட்டபோது, முகப்பேரில் டீவி முன்னால் உட்கார்ந்து ஒரு கிழவன் கண்ணைத் துடைத்துக்கொண்டதற்கு என் மனைவி சாட்சி.

என் சைக்கிளுக்கு வருகிறேன். ஹெர்குலிஸ், அம்பத்தூர்ச் சரக்கு. முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், ஹெர்குலிஸ், பிலிப்ஸ், பி.எஸ்.ஏ. என்று அம்பத்தூரிலிருந்து ஊர் ஊராக அனுப்பியது. 1976-ல் நான் இதை 'சைக்கிள் அட்வான்ஸ்' போட்டு வாங்கினேன். பண்டிகை முன்பணம் போல இதுவும் ஒரு முன்பணம். அரசே கடன் கொடுத்து மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும். கடை ரசீதை ஒப்படைக்க வேண்டும். எத்தனையோ பேருக்கு அந்த விண்ணப்பத்தில் நானே நோட் போட்டு மேலே அனுப்பியிருக்கிறேன். மத்திய அரசு 7-வது சம்பளக் கமிஷனுக்குப் பிறகு அதை எடுத்தேவிட்டது. புதுச்சேரியில் முப்பது வருஷத்துக்கு மேல் ஓடிய சைக்கிள், நான் ஓய்வு பெற்று மகனுக்காக இங்கே குடிவந்தபோது லாரியில் கூடவே வந்தது. பெண் பிறந்த வீட்டுக்குத் திரும்பிய மாதிரி என்று நினைத்தேன். ஆனால் அந்தப் பிறந்த வீட்டுக்குப் போகப் பாடி சந்திப்பைத் தாண்ட வேண்டுமே! மேம்பாலமும் கீழ்ச்சாலையும் பஸ்ஸும் கண்டெய்னரும் நாலு பக்கமும் சுழலும் அந்த இடத்தில் சைக்கிள்காரன் எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று எந்தப் பலகையிலும் எழுதவில்லை. லட்சக்கணக்கில் சைக்கிள் செய்து அனுப்பிய ஊர்!

அதனால் என் முகம் பெரும்பாலும் மேற்கே. முகப்பேர் மேற்கு, நொளம்பூர், அயனம்பாக்கம், திருவேற்காடு. உடம்பும் நாளும் ஒத்துழைத்தால் பூந்தமல்லி வரை. ஐந்தேகாலுக்குக் கிளம்பினால் நாய்கள் விழித்திருக்கும், ஷேர் ஆட்டோக்கள் தூங்கும். ஆறரைக்குக் கிளம்பினால் நேர் எதிர். நாய்களே தேவலை.

இங்கே ஒரு கணக்கு சொல்ல வேண்டும், குமாஸ்தா புத்தி. என் சைக்கிளில் முன்னால் பெரிய பல்சக்கரத்தில் 44 பல், பின்னால் ஃப்ரீவீலில் 18 பல். பெடலை ஒரு முழுச் சுற்று சுற்றினால் பின்சக்கரம் கிட்டத்தட்ட இரண்டரைச் சுற்று சுற்றும். அது சாலையில் சுமார் ஐந்தரை மீட்டர். பத்து கிலோமீட்டருக்கு 1,800 சுற்று சொச்சம். கியர் சைக்கிள்காரர் மேட்டில் பல்லை மாற்றிக்கொள்வார். எனக்கு மேடானாலும் பள்ளமானாலும் அதே ஐந்தரை மீட்டர்தான், முழங்கால்தான் மாற்றிக்கொள்ள வேண்டும். பைபாஸ் அடியில் நுழைந்து மறுபக்கம் ஏறும்போது பல்லைக் கடித்துக்கொண்டு எண்ண ஆரம்பிப்பேன். முப்பதுக்குள் மேடு முடிந்துவிடும். எண்ணிக்கை தெரிந்த கஷ்டம் பாதிக் கஷ்டம்.

காற்று இன்னொரு சங்கதி. ஆனி, ஆடி மாதங்களில் காலையில் மேற்கிலிருந்து வீசும். போகும்போது எதிர்காற்று, திருவேற்காடு வருவதற்குள் சட்டை உடம்போடு ஒட்டிவிடும். கருமாரியம்மன் கோயில் பக்கம் ஒரு டீ குடித்துவிட்டு சைக்கிளைத் திருப்பினால், அதே காற்று முதுகில் கை வைத்துத் தள்ளும். காதில் இரைச்சல் இருக்காது, செயின் ஓடும் சத்தம் மட்டும் கேட்கும். பத்து வயது குறைந்த மாதிரி இருக்கும், அதிலும் முழங்கால் வலி இல்லாத பத்து வயது. கடற்காற்று எங்கள் பக்கம் எட்டிப் பார்ப்பதற்குள் நான் இட்லி சாப்பிட்டு முடித்து பேப்பரில் இருப்பேன். இந்த ஏற்பாட்டுக்காகவே மேற்குப் புறநகரில் வீடு வாங்கலாம் என்பது என் கட்சி.

கீழ் பிளாட்டில் இருக்கும் கியர் சைக்கிள் பையன் ஒருநாள், "அங்கிள், நீங்களும் ஒரு பிரெவே பண்ணலாமே" என்றான். தூக்கிவாரிப் போட்டது. எங்களுக்குப் 'பிரெவே' என்றால் பள்ளிப் பரீட்சை, அதற்காக நான் தூக்கம் கெட்டுப் படித்திருக்கிறேன். இவர்களுக்கோ 200 கிலோமீட்டரைப் பதிமூன்றரை மணி நேரத்துக்குள் ஓட்டி முடிப்பது. பிறகு 300, 400, 600. எல்லாம் முடித்தவர்கள் பாரீஸிலிருந்து பிரெஸ்ட் போய்த் திரும்பும் 1,200 கிலோமீட்டருக்குப் போகலாம், 90 மணி நேரம். 1891-ல் தொடங்கியது, இப்போது நாலு வருஷத்துக்கு ஒரு முறை. அதிலே முதல், இரண்டாம் பரிசெல்லாம் கிடையாது, நேரத்துக்குள் வந்தால் வந்ததுதான் என்றான். அது எனக்கு மிகவும் பிடித்தது. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன்: 200 கிலோமீட்டர் என்றால் 36,000 சுற்றுக்கு மேல். பள்ளிக்கூடத்துப் பிரெவேயே போதும் என்று விட்டுவிட்டேன்.

எரிச்சல்களும் உண்டு. போன மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேன், "சமையல்காரங்க எல்லாம் பின்வாசல்" என்று கையைக் காட்டினார். பின்வாசல் வழியாகவே போனேன், சாம்பார் அண்டாவைத் தாண்டி மேடைக்கு வழி கிடைத்தது. பெட்ரோல் பங்க்கில் காற்றடிக்கும் குழாய் என் வால்வுக்குப் பொருந்தாது. அது கார், ஸ்கூட்டர் வால்வுக்கானது. நம்முடையது உள்ளே ரப்பர் வால் டியூப் போட்ட பழைய ரகம். இதைத் தெரியாத பையன் அழுத்திப் பார்த்துவிட்டு, இருந்த காற்றையும் இறக்கி அனுப்புவான். கை பம்புதான் கதி.

பெரிய விஷயம், பாய் கடையை மூடியதுதான்.

எங்கள் பக்கத்தில் பஞ்சர் ஒட்ட ஆள் இருக்கிறது. சக்கரக் கோட்டம் எடுக்கத் தெரிந்தவர் பாய் ஒருவர்தான். வேப்பமரத்தடியில் ஒரு தகரக் கொட்டகை, தண்ணீர்த் தொட்டி, உப்புத்தாள், சொல்யூஷன் டியூப். வருஷத்துக்கு ஒருமுறை அவரிடம் விட்டு 'ஓவராயில்' பண்ணுவேன். ஓவர்ஹால் என்ற சொல்லை நம் மெக்கானிக்குகள் எண்ணெயோடு சேர்த்து அழகாக்கிவிட்டார்கள், அதுவே இருக்கட்டும். தை மாதம் போனபோது கொட்டகையில் பாதி காலி.

"இனிமே முடியாது சார். கண்ணு சரியாத் தெரியல. பையன் இங்க செல்போன் கடை போடப் போறான்."

"அப்ப என் சக்கரத்துக்கு என்ன வழி பாய்?"

பழைய டால்டா டப்பாவைக் கிளறி, ஒரு சின்ன இரும்புச் சாவியை எடுத்து என் கையில் வைத்தார். ஸ்போக் கம்பி முடுக்கும் சாவி. நாலு பக்கமும் தேய்ந்து வழவழவென்று இருந்தது. "உக்காருங்க, சொல்லித் தரேன்" என்றார். மூன்று நாள் காலை அந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

பின்சக்கரத்தில் 40 கம்பி, முன்னால் 32. ஒன்று விட்டு ஒன்று, பாதிக் கம்பிகள் அச்சின் வலப்பக்கம் பிடித்திருக்கும், மீதி இடப்பக்கம். ரிம் நேராக நிற்பது இந்த இரண்டு கட்சியும் சமமாக இழுப்பதால்தான். ரிம் வலப்பக்கம் ஒதுங்கினால் அந்த இடத்தில் இடக் கம்பிகளைக் கால் சுற்று முடுக்கி, வலக் கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். சாக்பீஸைப் பக்கத்தில் அசையாமல் பிடித்துச் சக்கரத்தைச் சுழற்றினால், கோட்டமான இடத்தில் மட்டும் கோடு விழும். "அவசரப்பட்டு முழுச் சுற்று சுத்தாதீங்க, எட்டு மாதிரி ஆயிரும்" என்றார் பாய். கம்பிகளைத் தட்டிச் சத்தம் கேட்பார், தளர்ந்தது மந்தமாகப் பேசும். கண் குறைந்த பிறகு அவர் பாதி வேலையைக் காதால்தான் செய்துகொண்டிருந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது.

இந்தக் கதையை மகனிடம் போனில் சொன்னேன். அவனுக்கு இது நல்ல சந்தர்ப்பமாகப் பட்டது. "கடையே மூடியாச்சுல்லப்பா, நீங்களும் நிறுத்திக்கலாமே. ரோடு இருக்கிற நிலைமையில எனக்கு இங்க தூக்கம் வரல" என்றான். அவன் பயம் பொய்யில்லை. ஐப்பசி மழையில் நொளம்பூர்ப் பக்கம் ராங் சைடில் வந்த பைக் ஒன்று என் ஹேண்டில்பாரை உரசிக்கொண்டு போனது. நான் விழவில்லை, காலூன்றி நின்றுவிட்டேன். ஆனால் பத்து நிமிஷம் கை நடுங்கியது. வீட்டில் அதைச் சொல்லியும் இருக்கிறேன். பதில் சொல்லத் தெரியாமல் போனை மனைவியிடம் கொடுத்தேன். அவள் என்னைவிடப் பெரிய எதிர்க்கட்சி.

"ஏம்ப்பா, அவர் காலைல ரெண்டு மணி நேரம் வெளிய போறாரே, அதுதான் எனக்கு நாள்ல கிடைக்கிற ரெஸ்ட்டு. அதுல கை வைக்காதே" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "என்னங்க, பாடி பக்கம் போகக் கூடாது. ஏழரைக்குள்ள வீட்டுக்கு வந்துடணும். மழைன்னா கிடையாது" என்று மூன்று ஷரத்து போட்டாள். சைக்கிள் அட்வான்ஸுக்குக்கூட இவ்வளவு நிபந்தனை கிடையாது. ஒப்புக்கொண்டேன்.

சாக்பீஸ் கோடு முன்பெல்லாம் கால் வட்டத்துக்கு விழுந்தது, இப்போது ஒரு விரல்கடை நீளத்துக்கு வந்திருக்கிறது. பின்சக்கரம் இன்னும் ஒரே ஓர் இடத்தில் போர்க்கில் உரசுகிறது. பெடல் ஒரு சுற்றுக்கு இரண்டு, மூன்று 'டிக்'. திருவேற்காடு போய் வருவதற்குள் எத்தனை டிக் என்று எண்ணிப் பார்த்தேன், டீக்கடைக்காரர் நடுவில் பேச்சுக் கொடுத்ததால் கணக்கு விட்டுப்போனது. ஞாயிற்றுக்கிழமை பாய் வீட்டுக்குச் சக்கரத்தை எடுத்துப் போய்க் காட்டலாம் என்றிருக்கிறேன். தட்டிப் பார்த்துச் சொல்லிவிடுவார்.