புதுவண்ணம்

தமிழ் கற்பிப்போர்க்குப் போர்விமானத்தோடு என்ன உறவு என எம் மாணவர் வினவக்கூடும். ஒரு புகைப்படமே காரணம். எகிப்தின் மேற்குப் பாலைவனத்தில், ஆளரவமற்ற மணற்பரப்பில் வயிறு பதியக் கிடந்த விமானத்தின் படம் அது. எழுபதாண்டு வெயிலும் மணற்காற்றும் அதன் வண்ணத்தைத் தேய்த்திருந்தன.

1942 ஜூனில் தோப்ருக் வீழ்ந்தபின் பிரித்தானியப் படைகள் எகிப்தை நோக்கிப் பின்வாங்கின. அம்மாதம் 28ஆம் நாள், பிரித்தானிய வான்படையின் 260ஆம் அணியைச் சேர்ந்த டென்னிஸ் காப்பிங் என்னும் 24 வயது இளைஞர், பழுதுபட்ட கிட்டிஹாக் விமானமொன்றைச் செப்பனிடும் தளத்திற்கு ஓட்டிச் சென்றார். திசை பிறழ்ந்தார், திரும்பவில்லை. 2012இல் எண்ணெய் நிறுவனப் பணியாளர் ஒருவர் தற்செயலாக அவ்விமானத்தைக் கண்டார்.

தரையில் மோதிய வேகத்தில் சுழல்விசிறி கழன்றிருந்தது. ஆயினும் விமானி உயிரோடு இறங்கியிருக்கிறார். வான்குடையை விமானத்தருகே நிழலுக்காக விரித்திருக்கிறார். வானொலிக் கருவியையும் மின்கலத்தையும் கழற்றி வெளியே வைத்திருக்கிறார். பேசிப் பார்த்தார் போலும். மறுமொழி வரவில்லை போலும். பின்னர் நடக்கத் தொடங்கியிருக்க வேண்டும். அவருடைய உடல் இன்றுவரை உறுதியாக அடையாளம் காணப்படவில்லை. எல் அலமைன் நினைவிடத்தில், புதைகுழி அறியப்படாதோர் வரிசையில் பெயர் மட்டும் உண்டு.

ஆக, அவ்விளைஞரின் இறுதி நாட்களை அறிந்த சாட்சி அவ்விமானம் ஒன்றே. கண்டவர் சிலர் அதன் பாகங்களைக் கழற்றிச் சென்றனர். படையினர் துப்பாக்கிகளை அகற்றினர், அது முறையே. பிரித்தானிய வான்படை அருங்காட்சியகம் அதனை மீட்பதற்குக் கைமாறாகத் தன்னிடமிருந்த ஸ்பிட்ஃபயர் விமானம் ஒன்றையே கொடுத்தது. எனினும் கிட்டிஹாக் எகிப்திலேயே தங்கிவிட்டது. சில ஆண்டுகள் கழித்து எல் அலமைன் அருங்காட்சியகத்தில் அது காட்சிக்கு வந்தபோது, தகடுகள் ஒட்டப்பட்டு, பளபளக்கும் புதுவண்ணம் பூசப்பட்டிருந்தது. வரலாற்று ஆர்வலர் பலர் மனம் நொந்தனர்.

காப்பாற்றத்தான் செய்தார்கள், அதனை மறுப்பதற்கில்லை. மணலில் விட்டிருந்தால் துண்டுதுண்டாகக் களவு போயிருக்கும். ஆயினும் எம் மனம் ஏட்டுச்சுவடிகளை எண்ணுகிறது. புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. வேறு பல பாடல்களில் அடிகள் சிதைந்துள்ளன. உ.வே.சா. அவ்விடங்களில் தம் சொற்களைப் பெய்து நிரப்பிவிடவில்லை, புள்ளியிட்டு விட்டார். அவருக்கு அப்புலமை இல்லாமலா? வகுப்பில் அப்புள்ளிகளைக் கண்டு, "அச்சுப்பிழையா ஐயா?" எனக் கேட்கும் மாணவர் ஆண்டுக்கொருவராவது உண்டு.

பிறரைக் குறைகூறும் தகுதி எமக்கில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எம் வாப்பாவின் வாப்பா, அதே 1942இல் பர்மாவிலிருந்து கால்நடையாக மீண்டவர்களுள் ஒருவர். உடன் வந்தது ஒரு சிறு தகரப்பெட்டி. மூடியின் உட்புறத்தில் ஆணியால் கீறிய நான்கைந்து வரிகள், அரபுத்தமிழில். வழியில் எழுதியவை என்பார்கள். வழிநெடுக இறந்தோரின் பெயர்களா, நடந்த நாட்களின் கணக்கா என்று அவரிடம் யாரும் கேட்டதில்லை. அவரும் அப்பயணத்தைப் பற்றிப் பேசியதில்லை. அவ்வெழுத்தைக் கற்றுப் படித்துவிட வேண்டுமென்று யாம் எண்ணியிருந்தோம். எண்ணியதோடு சரி.

எம் தங்கையின் திருமணத்திற்காக வீட்டுக்கு வெள்ளையடித்தபோது, துருவேறிய அப்பெட்டியையும் புதுப்பிக்கச் சொல்லி வண்ணம் பூசுபவரிடம் கொடுத்தவர்கள் யாமே. எம்.பில். பட்டம் பெற்றிருந்த காலம் அது. அதுவும் சுவடிப் பதிப்பு பற்றிய ஆய்வுக்கு! அவர் நேர்மையான தொழிலாளி. உள்ளும் புறமும் உப்புத்தாளிட்டுத் தேய்த்து, இருமுறை பூசிக் கொடுத்தார். "அழகா இருக்கு வாப்பா" என்றார் எம் உம்மா. மூடியைத் திறந்து பார்த்தபின்பே எமக்கு உறைத்தது.

பெட்டி இன்றும் வீட்டில் இருக்கிறது. பச்சை வண்ணம் சற்றும் மங்கவில்லை.