ஒரே இதழில் ஐந்து பேர்

கிருஷ்ணகுமார் என்று ஒருவர் இல்லை எனத் தெரிய வந்த நாளில் எங்களுக்கு உண்டானது வியப்பன்று, சிறு ஏமாற்றம். குமுதத்தில் திகில் தொடர்கதை எழுதிய அவரை, மீசை முறுக்கிய ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரியாகக் கற்பனை செய்து வைத்திருந்தோம். உருக்கமான சிறுகதைகள் எழுதிய சூர்யா மெலிந்த மனிதர், அதிகம் பேசமாட்டார். வேடிக்கை நாடகங்களின் ஹம்சா நிச்சயம் ஒரு பெண். துப்பறிவதற்கு டி. துரைசாமி, சினிமாவுக்கு வினோத். அத்தனை பேரும் ரா. கி. ரங்கராஜன்தான் என்றார் அத்தை, ஏதோ ஊரறிந்த செய்தியைச் சொல்வதுபோல.

1927இல் கும்பகோணத்தில், ஒரு வடமொழிப் புலவரின் மகனாகப் பிறந்தவர். 'சக்தி' இதழில் பயின்று, 1950இல் எஸ்.ஏ.பி.யிடம் வந்து சேர்ந்தார். பிறகு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அதே அலுவலகம், பக்கத்தில் ஜ.ரா. சுந்தரேசனும் புனிதனும். வாரந்தோறும் பக்கங்களை நிரப்பியாக வேண்டும். ஒரே பெயர் நான்கு இடத்தில் தெரிந்தால் வாசகர் முகம் சுளிப்பார். புனைபெயர்களுக்கு இதுவே போதிய காரணம். ஆனால் வெறும் பெயர் மாற்றத்தோடு அவர் நிற்கவில்லை. சூர்யாவின் வாக்கியம் கிருஷ்ணகுமாருக்கு வராது. வந்திருந்தால் நாங்கள் ஏமாந்திருக்க மாட்டோமே!

பின்னாளில் சிறுபத்திரிகைகள் கைக்கு வந்தன. தலைக்கனமும் கூடவே வந்தது. 'வணிக எழுத்து' என்ற ஒற்றைச் சொல்லால் ரா.கி.ர.வை ஒதுக்கினோம். அந்தச் சொல்லுக்கு அப்பால் யோசிக்க வேண்டிய தேவையும் அன்று எங்களுக்கு இல்லை.

எங்களைத் திரும்ப அழைத்து வந்தது 'பட்டாம்பூச்சி'. பிரெஞ்சுக்காரர் ஆன்றி ஷாரியரின் சிறைவாசக் கதை. படிக்கையில் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் நடுவில் இருப்பதே தெரியாது. கடல் கடந்த கைதி நேரே தமிழில் பேசுவான். 'நான், கிருஷ்ணதேவராயன்' நாவலையும் அதற்குப் பின் வேறு கண்ணோடு வாசித்தோம். சொந்தப் பெயரில் எழுதியதுதான். ஆனால் அதிலும் 'நான்' என்பது ஒரு மன்னர். 'மகாநதி' படத்தின் வசனத்தில் கமல்ஹாசனோடு அவருக்கும் பங்குண்டு என்று அறிந்தபோது வியக்கவில்லை. பிறர் குரலுக்குள் போய் உட்காருவதே அவர் கலை. இலக்கியத்தில் தனிக்குரலைத் தேடும் எங்களைப் போன்றவர்களுக்கு அவர் அகப்படாமல் போனதும் அதனால்தான் என்று தோன்றுகிறது. நடை இல்லாதவர் என்று எண்ணினோம். ஐந்தாறு நடைகள் இருந்தன.

2012 ஆகஸ்டில் அவர் மறைந்த செய்தி வந்தபோது, அத்தையின் மரப்பெட்டியைத் திறந்தோம். வாராவாரம் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்த தொகுதிகள். கிருஷ்ணகுமார் இருந்தார், துரைசாமி இருந்தார், ரங்கராஜனும் இருந்தார். சூர்யா மட்டும் இல்லை. தொடர்கதைகளைத்தான் பைண்டு செய்வார்கள். ஒரு வாரத்தோடு முடியும் சிறுகதை பழைய பேப்பர்க்காரனுக்குப் போய்விடும். எங்களுக்கு மிகவும் பிடித்தவர் அந்த சூர்யாதான். ஒரு கதையின் தலைப்புகூட இன்று நினைவில் இல்லை. மழை பெய்த ஒரு பிற்பகலில் அத்தை அதைப் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தது மட்டும் நினைவிருக்கிறது.